பதினொரு தட்டும் எட்டு மாடியும்

என் இரண்டாவது மகனுக்குப் பரிசம் போடப் போன கதையைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகளுக்கு இப்போதும் புரையேறும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் நான் அதைச் சொல்வதில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மூத்த பேத்தி எழுதுகிறாள். நடுவில் நான் வேறெங்காவது போய்விட்டால் பேனாவால் மேசையைத் தட்டுவாள். உடனே திரும்பி வந்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார். நான் கொழுந்து எடுத்தேன். மகன் தேயிலை ஆலையில் மிஷின் ரிப்பேர் வேலை பார்த்தான்.

நாங்கள் கொழுந்து எடுக்கும் மேட்டிலிருந்து பார்த்தால் தானா ராத்தா பக்கம் எதிர்மலை தெரியும். ஒருநாள் பார்க்கிறோம், அந்த மலைக்கு மொட்டை போட்டிருக்கிறார்கள். மரம் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் மிஷின்கள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நாளில் அங்கே ஒரு கட்டடம் முளைத்தது. முளைத்தது என்றுதான் சொல்லவேண்டும். தேயிலையில் ஒரு பக்கம் எடுத்து முடித்தால், மறுபடி அந்தப் பக்கம் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் புதுக் கொழுந்து வந்திருக்கும். நாங்கள் ஒவ்வொரு தடவை அந்த மேட்டுக்குத் திரும்பும்போதும் கட்டடத்திலும் ஒரு மாடி புதிதாக வந்திருக்கும். எங்கள் கொழுந்தை நாங்கள் கிள்ளிவிட்டோம். அதைக் கிள்ள ஆளில்லை. எட்டு மாடி வரைக்கும் போய்விட்டது.

அதில் யார் குடியிருப்பார்கள் என்று எங்களுக்குப் பெரிய கவலை. எட்டாவது மாடிக்காரர் மாடு வளர்த்தால் அதை எப்படி மேய்க்க இறக்குவார் என்று ஒரு காலை முழுக்கப் பேசினோம். மாட்டை மேலேயே விட்டுவிட்டுப் புல்லை ஏற்றலாம் என்று ஒருத்தி. சாணியை என்ன செய்வது என்று இன்னொருத்தி. கங்காணி வந்து, "நீங்க கொழுந்தப் பாருங்கம்மா, கட்டடத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

மேசையைத் தட்டுகிறாள். சரி, பரிசம்.

அந்தப் பையனுக்கு முதலில் பார்த்தது வேறொரு பெண், தாப்பா பக்கம். வரிசைத் தட்டுகளை லோரியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கினோம். பாதி வழியில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. நான்கு மணி நேரம் லோரியிலேயே உட்கார்ந்திருந்தோம். பசி. முதலில் ஆளுக்கொரு வாழைப்பழம் என்றுதான் ஆரம்பித்தோம். பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரமும் முடிந்திருந்தது, ஜிலேபியும் முடிந்திருந்தது. ராகு காலத்தில் வெறும் தட்டோடு வந்து நிற்கிறவர்களுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என் சேலையில்கூட ஜிலேபிப் பாகு ஒட்டியிருந்தது.

இரண்டு வருடம் கழித்து இந்தப் பெண் கிடைத்தாள். அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர். பெண் கவர்மெண்ட் ஆபிசில் டைப் அடித்தாள். கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்துப் பார்த்து, இந்தத் தேயிலைக் கறை எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகுமா என்று கேட்டாள். எது தேய்த்தாலும் போகாது என்றேன். "அப்ப விடுங்க அத்தை, மருதாணி மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதோடு நான் விழுந்துவிட்டேன். மகன் அதற்கு ஒரு வாரம் முன்பே விழுந்திருந்தான். அது எனக்குத் தெரியாது என்று அவனுக்கு நினைப்பு.

தோட்டத்து ஆட்களுக்குப் பெண் கொடுப்பதா என்று ஈப்போ சொந்தக்காரர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். ஆசிரியர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கமான மனுஷன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமைதான். அவர் குடியிருந்தது அந்தக் கட்டடத்தில், எட்டாவது மாடியில். அதில் லிப்ட் இருந்தது. பரிசத்துக்கு நாள் குறிக்க எங்கள் லயத்துக்கு வந்தவர், டீ குடிப்பதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார்: "நீங்க படி ஏறவே வேணாம் சம்மந்தி. லிப்ட் இருக்கு."

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆள் பெரிய ஆள், குரல் அதைவிடப் பெரியது. எங்கள் லயத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அண்ணி சொன்ன முறைப்படிதான் நடக்கும். தட்டு பதினொன்று என்று அண்ணி முடிவு செய்தார். ஒற்றைப்படைதான் வரவேண்டும். பதினொன்றும் ஒன்றாகப் போகவேண்டும், தட்டு பிரிந்தால் குடும்பம் பிரியும். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு ஆரம்பிக்கிறது, அதற்குள் தட்டு கைமாறியாக வேண்டும். இதையெல்லாம் விரல் விட்டுச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தாப்பாவுல பட்டது போதும். இந்தத் தடவையும் ராகு காலம் தொட்டுச்சுன்னா தட்டத் தூக்கிக்கிட்டுத் திரும்பிருவேன். அப்புறம் உன் மகன் காவி கட்டிக்கிட்டு எங்கயாச்சும் போவட்டும்."

அண்ணி சொன்னால் செய்வார். எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. மகனுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் காவி ஒத்துவராது, பழைய செங்கல் மாதிரி இருப்பான்.

அந்த ஞாயிறு மண் சரியவில்லை, மழை இல்லை, லோரிகூட ஒரே உதையில் கிளம்பியது. நான் நூற்றியெட்டுத் தடவை பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். நாலு மணிக்கெல்லாம் கட்டடத்து வாசலில் இறங்கிவிட்டோம். தாராளமாக அரை மணி நேரம் இருந்தது. என் வீட்டுக்காரர் நாங்கள் வந்துவிட்டதைச் சொல்லப் படியேறி மேலே போனார். பதினொரு பெண்கள், தலைக்கொரு தட்டு. தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. யார் வீட்டு நடுக்கூடமோ என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம். ஐஸ்மேல் நடப்பதுபோல இருந்தது. நாங்கள் சோளம் வறுபடுகிற மாதிரி குதித்துக் குதித்து லிப்ட் பக்கம் போனோம்.

அங்கே ஒரு மலாய்க்கார ஜாகா காவலுக்கு உட்கார்ந்திருந்தார். வயசானவர், நல்ல மனுஷன். பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்துவிட்டார். எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஆறு விரலைக் காட்டினார். ஆறு பேர்தான் ஏறலாமாம். அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு இரட்டைப்படை. நல்ல காரியத்துக்குப் போகும்போது ஒரு மிஷின் வந்து இரட்டைப்படை கேட்கிறதா. போதாததற்குத் தட்டு வேறு பிரியும். அண்ணி எங்களைப் பார்த்து, "ஏறுங்கடி எல்லாரும்" என்றார்.

ஏறினோம். கொழுந்து மூட்டையை மிதித்து மிதித்து அடைப்போமே, அந்த மாதிரி அடைந்தோம். என் மூக்குக்கு முன்னால் ஒரு தேங்காய், முதுகில் யாருடைய முழங்கையோ. உடனே மேலேயிருந்து ஒரு மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. கதவு மூடவில்லை.

எங்களில் யாரும் பயப்படவில்லை. அண்ணிக்கு உடனே விளங்கிவிட்டது. "நிறுக்குது" என்றார்.

எங்களுக்கும் விளங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதுகிற கிராணி முன்னால் கூடையை வைத்து எடை போட்டவர்கள் நாங்கள். கூடையோடு நிறுத்தால் கூடைக்குக் கழிக்கவேண்டும். மழை நாளென்றால் தண்ணீருக்குக் கழிப்பார்கள். அதில் எத்தனை சண்டை. எங்கள் கிராணி ஒருவர், வெயில் காய்கிற நாளிலும் தண்ணீருக்குக் கழிப்பார். எங்கே ஐயா தண்ணீர் என்று கேட்டால் மேகத்தைக் காட்டுவார். சரி, சரி, தட்டாதே, லிப்டுக்குத்தான் வருகிறேன்.

அண்ணி முகத்தை நிமிர்த்தி, மணிச் சத்தம் வந்த மூலையைப் பார்த்து மரியாதையாகப் பேசினார். "ஐயா, இதெல்லாம் பித்தளத் தட்டு. தட்டுக்குக் கழிச்சுட்டு நிறுங்க."

மணி நிற்கவில்லை. கழிக்க மனமில்லாத கிராணி போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போது அண்ணிக்கு அடுத்த யோசனை வந்தது. எடை மிஷினில் ஒற்றைக் காலில் நின்றால் பாதி எடைதான் காட்டும் என்பது எங்கள் லயத்தில் எல்லோரும் நம்பிய விஷயம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் எடை பார்க்கும்போது எல்லோரும் ஒரு காலைத் தூக்கிக்கொள்வார்கள். அவர் முட்டியில் தட்டி இறக்கிவிடுவார். இங்கே தட்ட ஆளில்லை.

"வலது கால ஊனுங்க. இடது காலத் தூக்குங்க" என்றார் அண்ணி.

பதினொரு பேரும் பட்டுச்சேலையோடு, தட்டோடு, கொக்கு மாதிரி நின்றோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலை மாற்றச் சொன்னார், மாற்றினோம். மூச்சைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தோம். பின்னால் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அவள் ஆட, அவளால் அடுத்தவள் ஆட, வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு பாக்கு உருண்டு ஜாகாவின் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவருடைய கைக்கடிகாரம் எனக்குத் தெரிந்தது. நாலு பத்து.

படியில் போகலாம் என்றால் அண்ணிக்கு முட்டிவலி. அதோடு லிப்டில் போகப்போகிறோம் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மகன் காவி கட்டியிருப்பது கண்முன்னால் வந்தது. அந்த வேகத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணி, மலையில கொழுந்து லோரியிலதான போவுது? நாம நடந்துதான போறோம்? தட்டு லிப்ட்ல போவட்டும். கூட நீங்க போங்க. நாங்க ஏறி வந்துர்றோம். தட்டும் பிரியல பாருங்க."

அண்ணி யோசித்தார். தட்டு பிரியவில்லை. அண்ணி மட்டும் லிப்டில் போகிறார். இதில் மறுக்க ஒன்றுமில்லை. "மொதல்லயே சொல்றதுக்கு என்ன, ஒத்தக் கால்ல நிக்க வச்சுட்டு" என்றார் என்னைப் பார்த்து.

நடுவில் அண்ணியைச் சம்மணம் போட்டு உட்காரவைத்துச் சுற்றிலும் பதினொரு தட்டையும் அடுக்கினோம். மணி நின்றது. மேல் பொத்தானை அமுக்குங்கள் என்று நான் கையைக் காட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

நாங்கள் பத்து பேரும் படிக்கு ஓடினோம். நாற்பது கட்டி, அதாவது இருபத்து நாலு கிலோ, கொழுந்தை முதுகில் போட்டு மலை ஏறுகிற கால்களுக்கு எட்டு மாடி என்ன பெரிசு. கையில் ஒன்றும் இல்லாமல் ஏறுவது பறப்பது போல இருந்தது. மேலே ஆசிரியர் குடும்பத்தோடு பன்னீர்ச் செம்பும் ஆரத்தியுமாக லிப்ட் கதவையே பார்த்து நின்றார். நாங்கள் பின்பக்கமாக வந்து நின்றோம். திரும்பிப் பார்த்தவர் திடுக்கிட்டுப் பன்னீரை என் வீட்டுக்காரர் மேல் தெளித்துவிட்டார்.

"லிப்ட் இருக்கே சம்மந்தி" என்றார் பாவம்.

"தட்டு வருது சம்மந்தி" என்றேன்.

வரவில்லை. கதவுக்கு மேலே எந்த மாடி என்று விளக்கு எரியும். ஆசிரியர் அதைப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோலப் படித்தார். ஒன்று. நின்றது. இரண்டு. நின்றது. நடந்தது என்னவென்று பிறகு அண்ணியே சொன்னார். எட்டாம் பொத்தான் எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அமுக்கினால் எட்டும் அதற்குள் இருக்குமல்லவா, அதனால் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டார்.

இரண்டாவது மாடியில் ஒரு சீனர் குப்பைப் பையோடு நின்றிருக்கிறார். கதவு திறக்கிறது. பூ, பழம், தேங்காய், நடுவில் பட்டுச்சேலையில் அண்ணி. அந்த மனுஷன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாராம். அண்ணியும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தாராம். "கும்பிடுறவங்கள சும்மா அனுப்பக் கூடாதுல்ல" என்றார் பின்னால். ஐந்தாவது மாடியில் ஒரு சீன அம்மா. லட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்தாராம். ஒரு லட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று அண்ணி "அம்பில், அம்பில்" என்று மலாயில் சொல்லித் தட்டை நீட்டியிருக்கிறார். அந்த அம்மா தட்டோடு வாங்கிக்கொண்டு தலை குனிந்து நன்றி சொல்லியிருக்கிறார். புதிதாகக் குடிவருகிறவர்கள் மாடிக்கு ஒரு தட்டு கொடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தாராம். அண்ணி வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

எட்டாவது மாடியில் கதவு திறந்தபோது அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் முதல் தட்டை நீட்டினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது ஏதோ நடந்திருக்கிறது என்று. தட்டுகளைக் கூடத்தில் அடுக்கி எண்ணினேன். பத்து. சுவரில் கடிகாரம். ஆலைச் சங்குக்கு எழுந்து பழகியதில் மணி பார்க்கத் தெரியும். நாலு பதினெட்டு.

"பத்து தட்டு ஆகாது. நான் எந்திரிக்கிறேன்" என்று அண்ணி முந்தானையை இழுத்துச் செருகினார். ஈப்போவிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. வாழைப்பழச் சீப்பைத் தூக்கி வெற்றிலைத் தட்டில் வைத்தேன். பழத்தட்டைச் சுவரோரம் தள்ளினேன். "ஒம்பது, அண்ணி" என்றேன்.

ஒன்பது ஒற்றைப்படை. அண்ணி மறுபடி உட்கார்ந்தார். ஆசிரியர் ஒரு பெருமூச்சு விட்டு, தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

கதவை யாரோ தட்டினார்கள்.

ஐந்தாவது மாடிச் சீன அம்மா. எட்டு மாடியும் விசாரித்துத் தேடி வந்திருக்கிறார். கையில் எங்கள் லட்டுத் தட்டு. வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று அதில் ஆறு ஆரஞ்சும் ஒரு டின் பிஸ்கட்டும் வைத்திருந்தார். எல்லோரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்துவிட்டு, தட்டை மற்றத் தட்டுகளோடு வரிசையாக வைத்துவிட்டுப் போனார்.

பத்து.

நாலு இருபத்தஞ்சு. அந்தத் தட்டைத் தூக்கி அடுக்களைக்குள் வைத்துவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வந்த தட்டை விரட்டுவதா என்று அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் பன்னீர்ச் சட்டையோடு மூலைக்குப் போய்விட்டார். இன்னொரு தட்டு லட்டு வாங்கக் கீழே ஆள் அனுப்பலாமா என்று ஆசிரியர் கேட்டார், லிப்ட் இருக்கிறது என்றும் சொன்னார். அந்த நேரத்திலும் சொன்னார்.

அப்போதுதான் பெண் நகர்ந்து வந்தாள். பரிசப்பெண் இப்படி நடுக்கூடத்துக்கு வரக்கூடாது, கூப்பிட்டால்தான் வரவேண்டும். அவள் வந்தாள். சுவரோரம் கிடந்த பழத்தட்டை எடுத்தாள். வெற்றிலைத் தட்டிலிருந்த சீப்பைத் தூக்கி மறுபடி அதில் வைத்தாள்.

"பழத்தப் பிரிச்சிட்டா பதினொண்ணு, பெரியம்மா" என்றாள் அண்ணியிடம்.

அண்ணி ஆரஞ்சுப் பழத்தைக் காட்டினார். "விரட்டக் கூடாதுதான். ஆனா அது சீன வீட்டுப் பழம். வரிசையில சேருமா?"

"தட்டு உங்க வீட்டுத் தட்டு. எங்க கட்டடத்துக்காரங்க பழம். ரெண்டு வீடும் சேந்துதான வந்திருக்கு."

அண்ணி தட்டுகளை விரல் விட்டு எண்ணினார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்க இருந்து புடிச்ச இவள" என்றார். குரலில் சண்டை இல்லை. எழுந்து மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நான் ஆசிரியர் கையில் கொடுத்தேன். அவர் பதில் தட்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். பதினொரு பெண்களும் குலவை போட்டோம். எட்டாவது மாடியில் போட்ட குலவை கீழே ஜாகா வரைக்கும் கேட்டிருக்கும். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபத்தொன்பது.

அண்ணி நாற்காலியில் சாய்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். ஆசிரியர் மனைவி கொண்டுவந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"இப்ப ராகு வரட்டும்" என்றார். "லிப்ட்ல ஏறியே வரட்டும். மாடி மாடியா நின்னு நின்னு வரட்டும்."